தொகையை விரித்து வாசித்தல்: சீனாவைப் பற்றிய செய்திகளுக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு நகரில் திருகோணமலை வீதியோரம் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், சில வாரங்களுக்கு முன்னர் தன் கைத்தொலைபேசிக்கு வந்த ஒரு செய்தியைக் காட்டி, “சேர், இஞ்ச பூட்டியிருக்கிற கமராவும் சீனாச் சாமான்தான். லண்டனில இதையெல்லாம் கழட்டச் சொல்லிப்போட்டாங்களாமே, நானும் கழட்டவா?” என்று கேட்டார். செய்தியின் தலைப்பு ‘உளவு பார்க்கும் சீனக் கமராக்கள்’ என்பதாகும். அவருக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் கற்பித்த காலத்தில் நான் கையாண்ட ஒரு முறையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்தில் அந்தச் செய்தியின் மீதே பயன்படுத்திப் பார்த்தோம். அந்த முறையையே இங்கே எழுதுகிறேன். ஒரு கொப்பியும் பேனையும் அரை மணி நேரமும் இருந்தால் போதும்.

தலைப்பை இலக்கண வகுப்பில் விரிப்பதுபோல் விரியுங்கள்

தமிழில் தொகைச்சொல், அதாவது உருபும் வினையும் மறைந்து நிற்கச் சொற்கள் ஒட்டிய தொடர், மிகச் சிக்கனமானது. அந்தச் சிக்கனம் செய்யுளில் அழகு. செய்தித் தலைப்பில் அதுவே தொல்லை. ‘உளவுக் கப்பல்’ என்று எழுதிவிட்டால், யார் உளவு பார்த்தார், எப்போது பார்த்தார், பார்த்தாரா அல்லது பார்க்கக்கூடியவரா என்பவை எல்லாம் உள்ளே மறைந்துவிடுகின்றன. ‘உளவு பார்க்கும்’ என்ற பெயரெச்சமும் அப்படித்தான்: நேற்றுப் பார்த்ததையும் நாளை பார்க்கக்கூடியதையும் அது ஒரே வடிவத்தில் சொல்லிவிடும். ஆகவே தலைப்பைக் கொப்பியில் எழுதி, எழுவாய், வினை, காலம் மூன்றையும் வெளிப்படையாக வைத்து முழு வாக்கியமாக விரித்து எழுதுங்கள். விரித்தபின் வினை மூன்று வகைகளில் ஒன்றாக அமையும்: செய்தது, செய்யக்கூடியது, செய்யுமாறு சட்டத்தால் பணிக்கப்படக்கூடியது.

இந்த மூன்றையும் பிரித்துக்கொள்வதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. எங்கள் வட்டத்தில் கமராச் செய்தியை விரித்தபோது கிடைத்த வாக்கியங்கள் இவை. 2022 நவம்பரில் பிரித்தானிய அரசு, சீனாவின் தேசியப் புலனாய்வுச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் கண்காணிப்புக் கருவிகளைப் பாதுகாப்பு உணர்திறன் மிக்க அரச வளாகங்களில் புதிதாகப் பொருத்துவதை நிறுத்துமாறும், இருப்பவற்றை முக்கிய கணினி வலையமைப்புகளோடு இணைக்காதிருக்குமாறும், அகற்றுவது பற்றி ஆராயுமாறும் தன் திணைக்களங்களுக்குக் கூறியது. அதே மாதம் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, தொலைத்தொடர்புக் கருவி செய்யும் ஹுவாவி, கமரா செய்யும் ஹிக்விஷன், டாஹுவா உள்ளிட்ட சீன நிறுவனங்களின் புதிய கருவிகளுக்கு அங்கீகாரம் வழங்குவதைத் தடைசெய்தது. 2023 பெப்ரவரியில் அவுஸ்திரேலிய அரச கட்டடங்களில் இத்தகைய 900க்கும் மேற்பட்ட கருவிகள் இருப்பதாகத் தெரியவந்தபோது, அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் தன் கட்டடங்களில் இருப்பவற்றை அகற்றத் தீர்மானித்தது.

இவற்றில் ஒன்றுகூட, குறிப்பிட்ட கமரா ஒன்று குறிப்பிட்ட ஒரு நாளில் காட்சிகளை பெய்ஜிங்குக்கு அனுப்பியது என்று கூறவில்லை. எல்லாமே மூன்றாவது வகை வாக்கியத்தின் மேல் நிற்கின்றன. அதனால் அந்த நடவடிக்கைகள் பொய்யானவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நடந்த பின்னர் அறிவதைவிட நடக்கக்கூடியதைத் தடுப்பது ஒரு அரசின் கடமைதான். ஆனால் லண்டனில் ‘கழட்டச் சொல்லிப்போட்டாங்க’ என்று கடைக்காரர் விளங்கிக்கொண்டதற்கும், ஓர் அரசு தன் அமைச்சுக் கட்டடங்களுக்குச் சொன்னதற்கும் இடையே உள்ள தூரத்தை விரித்து எழுதினால்தான் காண முடிகிறது.

சட்டத்தை அடுத்த வாசகத்தோடு சேர்த்து வாசியுங்கள்

மேற்கு நாடுகளின் ஆவணங்கள் மீண்டும் மீண்டும் சுட்டுவது, 2017 ஜூனில் நிறைவேறிய சீனத் தேசியப் புலனாய்வுச் சட்டத்தின் 7ஆம் உறுப்புரையை. நாட்டின் எல்லா அமைப்புகளும் குடிமக்களும் சட்டத்துக்கு அமையப் புலனாய்வுப் பணிக்கு ஆதரவளித்து, உதவி செய்து, ஒத்துழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சீனத் தரப்பு பதிலளிக்கும்போது 8ஆம் உறுப்புரையைக் காட்டும். புலனாய்வுப் பணி சட்டத்துக்கு அமைய, மனித உரிமைகளை மதித்து நடைபெற வேண்டும் என்று அது சொல்கிறது. இரு உறுப்புரைகளும் உண்மையிலேயே அங்கே உள்ளன. எனவே வாசகர் கேட்க வேண்டிய கேள்வி வாசகத்தைப் பற்றியது மட்டுமன்று: இந்த உதவியைத் தர மறுக்கும் ஒரு நிறுவனம், அரசுக்கு எதிராகத் தீர்ப்பளிக்கக்கூடிய எந்த நீதிமன்றத்துக்குப் போகும்? கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக்கு உட்பட்ட நீதித்துறை உள்ள நாட்டில் அந்தக் கேள்விக்கு நல்ல விடை இல்லை. மேற்கின் அச்சத்தில் நியாயமான பகுதி இதுதான் என்பது என் கணிப்பு.

அதே அளவுகோலை மறுபக்கமும் வையுங்கள். அமெரிக்கப் புலனாய்வுத் துறைக்கு ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்த எட்வேர்ட் ஸ்னோடன் 2013இல் வெளிப்படுத்திய ஆவணங்கள், அமெரிக்க நிறுவனங்களிடமிருந்து அந்நாட்டுப் புலனாய்வுத் துறை இரகசிய ஆணைகளின் பேரில் வெளிநாட்டவரின் தரவுகளைப் பெற்றுவந்ததைக் காட்டின. இந்தக் கண்காணிப்புச் சட்டங்களைக் காரணம் காட்டியே 2020 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உயர் நீதிமன்றம், அமெரிக்காவுக்குத் தரவுகளை அனுப்ப வகைசெய்த உடன்பாட்டைச் செல்லுபடியற்றதாக்கியது. மறுவளமாக, 2016இல் ஒரு கைத்தொலைபேசியைத் திறந்து தருமாறு வந்த ஆணையை அப்பிள் நிறுவனம் நீதிமன்றத்தில் பகிரங்கமாக எதிர்த்து நின்றதையும் பதிவுசெய்ய வேண்டும். இரு நாடுகளும் கேட்கின்றன; ஒன்றில் மறுத்துப் பேச ஓர் இடம் இருக்கிறது. ‘எல்லாரும் ஒன்றுதான்’ என்று தேநீர்க் கடையில் சொல்வதும், ‘இவர்கள் நல்லவர்கள், அவர்கள் கெட்டவர்கள்’ என்று சொல்வதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள்.

சீனாவின் டிஜிட்டல் சட்டங்களைப் பற்றி இன்னொரு குறிப்பையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். 2017 ஜூன் 1இல் அமுலுக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், 2021 செப்டெம்பரில் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதே ஆண்டு நவம்பரில் வந்த தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றின் முதற் கவலை வெளிநாடு அன்று, உள்நாடு. சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் 2014இல் முன்வைத்த ‘முழுமைசார் தேசியப் பாதுகாப்பு’ என்ற கருத்தில் அரசியல் பாதுகாப்பே, அதாவது கட்சியின் ஆட்சி நிலைப்பதே, அடித்தளம். தரவு நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், யார் கையில் இருந்தாலும் அரசின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அதிலிருந்து விளைகிறது. வாடகை வாகனச் செயலியான டிடி நிறுவனத்துக்கு 2022 ஜூலையில் 800 கோடி யுவானுக்கும் மேற்பட்ட அபராதத்தைச் சீன அரசே விதித்தது. சீன நிறுவனமும் சீன அரசும் எப்போதும் ஒரே கை என்று எண்ணுபவர்கள் இந்தச் சம்பவத்தை எங்கே வைப்பது என்று யோசித்துப் பார்க்கலாம்.

‘இணைய இறைமை’ என்ற சொல் சீன அறிக்கைகளில் வந்தால், ஒவ்வொரு அரசும் தன் எல்லைக்குள் இணையத்தை ஆளும் உரிமை என்று விரித்துக்கொள்ளுங்கள். 2015இல் வூஜென் நகர மாநாட்டில் ஷி அதை வலியுறுத்தினார். இலங்கையில் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது நடந்த வாதங்களை நினைவில் வைத்திருப்பவருக்கு, இந்தச் சொல் பெய்ஜிங்குக்கு வெளியிலும் ஏன் இனிக்கிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

பணத்தைத் தொடர்ந்து போங்கள், ஒலுவில் வழியாக

‘கடன்பொறி’ என்ற தொகையை இரண்டு விதமாக விரிக்கலாம். ‘கடனாகிய பொறி’ என்றால், கடன் ஒருவருக்குப் பொறியாக முடிந்தது என்ற அளவில் நிற்கிறது. ‘கடனால் வைத்த பொறி’ என்றால், வைத்தவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒரு நோக்கமும் இருக்கிறது. முதலாவதற்குக் கணக்குப் புத்தகம் போதும். இரண்டாவதற்கு நோக்கத்துக்கான சான்று வேண்டும். செய்திகள் பெரும்பாலும் முதலாவதைக் காட்டி இரண்டாவதை நம்பவைக்கின்றன.

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதற் கட்டத்துக்குச் சீன அரச வங்கியான எக்ஸிம் வங்கி 30.7 கோடி டொலர் கடன் கொடுத்தது. துறைமுகம் 2010இல் திறக்கப்பட்டது. 2017இல் சைனா மேர்ச்சன்ட்ஸ் என்ற சீன அரச நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு வழங்கப்பட்டபோது கிடைத்த 112 கோடி டொலர், நாட்டின் வெளிநாட்டு நாணய ஒதுக்கத்தைப் பலப்படுத்தப் போனது. கடன் அப்படியே இருந்தது. ‘கடனைக் கட்டமுடியாமல் துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்’ என்ற வாக்கியம், விரிக்கும்போதே பிசகுகிறது. 2022 ஏப்ரலில் இலங்கை கடன் செலுத்துவதை நிறுத்தியபோது, வெளிநாட்டுக் கடனில் மிகப் பெரிய பங்கு சர்வதேச இறைமைப் பிணைமுறிகளாக, அதாவது அரசு உலகச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களாக, இருந்தது. அவற்றை வைத்திருந்தவர்களில் மேற்குலக முதலீட்டு நிதியங்கள் முக்கியமானவை. ஆனால் சீனாவை இத்தோடு விட்டுவிடவும் முடியாது. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகியவை தலைமை தாங்கிய கடன்கொடுநர் குழுவில் சேராமல் எக்ஸிம் வங்கி தனியாகப் பேசியது. சீனக் கடன் உடன்படிக்கைகளில் இரகசியம் பேணும் விதிகள் அடிக்கடி காணப்படுகின்றன. கடனைத் திருப்பிச் செலுத்தப்போகும் மக்கள் கடன் பத்திரத்தை வாசிக்க முடியாதிருப்பது உண்மையான குறை.

இனி அம்பாறைக் கரைக்கு வாருங்கள். ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் ஆதரவு பெற்ற கடனில், டென்மார்க் நிறுவனம் ஒன்றால் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. வாயிலை மணல் மூடியது. ஒலுவில், நிந்தவூர் பக்கக் கரையைக் கடல் அரித்தது. வேர் வெளியே தெரிய நின்று, பிறகு ஒரு வாடைக் காற்றில் சாய்ந்த தென்னைகளை அந்தப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பார்கள். படகை உள்ளே கொண்டுவர முடியாத மீனவர்கள் மணலை அகற்றக் கோரி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இதை யாரும் டென்மார்க்கின் கடன்பொறி என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அது தவறாகவும் இருந்திருக்கும். கடன் கொடுத்தவரின் நோக்கம், திட்டமிட்டவரின் கவனக்குறைவு, உள்ளூர் அரசியலின் அவசரம் ஆகிய மூன்றையும் தனித்தனி வரியில் எழுதிப் பார்க்க ஒலுவில் நமக்கு அருகிலுள்ள பாடம். இந்தப் பயிற்சியை முடித்துவிட்டு அம்பாந்தோட்டைக்குத் திரும்புங்கள். அதே மூன்று வரிகள் அங்கும் தேவைப்படும்.

நாள்வரிசை எழுதுங்கள்

சீனா உண்மையில் என்ன செய்தது என்று அறிய நாள்வரிசையைவிட நல்ல கருவி இல்லை. நமக்குப் பழக்கமான சேதனப் பசளைக் கப்பலை எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களில் அந்தப் பெரும்போகம் மஞ்சளித்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செப்டெம்பரில் சீனப் பசளையின் மாதிரிகளில் தீங்கு செய்யும் பக்றீரியா இருப்பதாக நமது தாவரத் தொற்றுநோய்த் தடுப்புச் சேவை கூறியது, நிறுவனம் மறுத்தது, கப்பல் கடலில் நின்றது. ஒக்டோபரில் கொழும்பு நீதிமன்றம் மக்கள் வங்கி ஊடான கொடுப்பனவைத் தடுத்தது. அந்த மாத இறுதியில் சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்ததாக அறிவித்தது. 2022 ஜனவரியில், ஏற்றுக்கொள்ளாத பசளைக்காக 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது.

இது முதலாவது வகை வினை: செய்தது. ஒரு வர்த்தகப் பிணக்கில் தூதரகம் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை இந்த ஐந்து வரிகள் பல கட்டுரைகளைவிடத் தெளிவாகச் சொல்கின்றன. அதே கொப்பியின் எதிர்ப்பக்கத்தில் இவற்றையும் எழுதுங்கள்: 1952இல் உலகச் சந்தையில் அரிசி கிடைக்காதபோது சீனாவோடு செய்த இறப்பருக்கு அரிசி என்ற ஒப்பந்தம், 2022 இறுதியில் நெற்செய்கையாளருக்கும் மீனவருக்குமாக வந்த ஒரு கோடி லீற்றருக்கு மேற்பட்ட நன்கொடை டீசல், 2025ஆம் ஆண்டுக்கு முழுமையாகச் சீனாவிலிருந்து வந்த பாடசாலைச் சீருடைத் துணி. ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை அழித்துவிடாது. எங்கள் வட்டத்தில் ஒரு மாணவி, தான் உடுத்திருந்த சீருடையைப் பிடித்துக்காட்டி, “இதையும் எழுதட்டா, சேர்?” என்று கேட்டாள், எழுதச் சொன்னேன்.

கப்பல்களுக்கும் இதே முறைதான். யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் 2022 ஓகஸ்ட் 16இல் அம்பாந்தோட்டைக்கு வந்து, எரிபொருளும் பொருட்களும் ஏற்றிக்கொண்டு ஒரு வாரத்துக்குள் போனது. அது செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடரக்கூடியது என்பது இந்தியாவின் கவலை. ஆய்வுக் கப்பல் என்பது சீனாவின் விளக்கம். வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை 2024 ஜனவரியிலிருந்து ஓராண்டுத் தடை விதித்தபோது, ஷியாங் யாங் ஹொங் 3 என்ற சீன ஆய்வுக் கப்பல் பெப்ரவரியில் மாலைதீவுக்குச் சென்றது. நமது கடலைப் பொறுத்தவரை வாஷிங்டனைவிடப் புது டில்லியின் எதிர்வினையே முதலில் வருகிறது. டிக்டொக்கையும்கூட 2020 ஜூன் 29இல், கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த இந்திய–சீன எல்லை மோதலுக்குப் பின், இந்தியாவே முந்திக்கொண்டு தடைசெய்தது.

‘மேற்கு’ என்பதையும் பிரித்து எழுதுங்கள்

ஹுவாவியின் ஐந்தாம் தலைமுறை வலையமைப்புக் கருவிகளை அவுஸ்திரேலியா 2018இலேயே விலக்கியது. பிரித்தானியா முதலில் ஓரளவு அனுமதித்து, 2020 ஜூலையில் மனம் மாறி, 2027 இறுதிக்குள் அகற்ற வேண்டும் என்றது. சீனாவுக்குக் கார் விற்கும் ஜேர்மனி 2024வரை பொறுத்திருந்து, 2026, 2029 என்று இரண்டு கட்டத் தவணை கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் சீனாவைப் பங்காளி, போட்டியாளர், முறைமைசார் எதிராளி என்று ஒரே மூச்சில் மூன்று பெயரால் அழைத்தது. எங்கள் ஊரில் சம்பந்தி வீட்டாரைப் பற்றி அப்படித்தான் பேசுவோம்.

பாதுகாப்பும் வியாபாரமும் எங்கே கலக்கின்றன என்பதையும் கவனியுங்கள். 2022 ஒக்டோபர் 7இல் அமெரிக்கா விதித்த உயர்தரக் கணினிச் சில்லு ஏற்றுமதிக் கட்டுப்பாடு இராணுவப் பயன்பாட்டைக் காரணம் காட்டியது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் உள்நாட்டுச் சில்லு உற்பத்திக்கு ஆயிரக்கணக்கான கோடி டொலரை அந்நாடு ஒதுக்கியிருந்தது. சீனா 2023 ஓகஸ்டில் காலியம், ஜேர்மானியம் ஆகிய உலோகங்களின் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றதும் ‘தேசியப் பாதுகாப்பு’ என்ற பெயரிலேயே. அந்தச் சொல்லைக் கண்டதும், இதனால் யாருடைய சந்தை பெருகும் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவைப்பது பயன்தரும். அது பாதுகாப்புக் காரணத்தைப் பொய்யாக்காது, முழுமையாக்கும்.

முதலாவது வகைக் குற்றச்சாட்டுகளும் மேற்கிடம் உண்டு. 2023 மேயில் அமெரிக்காவும் அதன் நான்கு நட்பு நாடுகளும், ‘வோல்ட் டைபூன்’ என்று பெயரிடப்பட்ட, சீன அரசின் ஆதரவு பெற்ற குழுவொன்று அமெரிக்காவின் முக்கிய உட்கட்டமைப்பு வலையமைப்புகளுக்குள் நுழைந்திருப்பதாகக் கூட்டாக அறிவித்தன. சீனா மறுத்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித் திணைக்களம் வெளியிட்ட விபரம் கடைக்காரரின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. அந்தக் குழு மறைந்து நின்று பயன்படுத்திய, வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த றவுட்டர்களில் பெரும்பாலானவை சிஸ்கோ, நெட்கியர் என்ற அமெரிக்க நிறுவனங்களுடையவை. மென்பொருள் இற்றைப்படுத்தல் நின்றுபோன பழைய பெட்டிகள். எங்கே செய்யப்பட்டது என்ற கேள்வியோடு, யார் பராமரிக்கிறார்கள் என்ற கேள்வியும் சேர்ந்தால்தான் ஆபத்தின் அளவு தெரியும்.

அந்தக் கடையில்

அடுத்த திங்கட்கிழமை மாலை, கொப்பியோடு கடைக்குப் போனேன். அவருடைய நான்கு கமராக்களும் பார்ப்பது, சீமெந்து மூட்டைகளையும் காசு மேசையையும்தான்; ஓர் அரசு அவற்றில் அக்கறை கொள்ளும் என்று நான் எண்ணவில்லை. ஆனால் கடைக்கு வருவோரின் முகங்கள் அதில் பதிவாகின்றன. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தரவுகளைப் பற்றியும் பேசுகிறது. கமராக்களைக் கழற்ற வேண்டாம் என்றேன். பதிவுப் பெட்டியை இணையத்தில் இருந்து பிரித்துவிட்டு, வீட்டிலிருந்து பார்க்க உண்மையிலேயே தேவை இருந்தால் மட்டும் இணைக்கச் சொன்னேன். மென்பொருளுக்கு இற்றைப்படுத்தல் இன்னமும் வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். கடைசியாக வந்தது எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு கடவுச்சொல்லைக் கேட்டேன். அவர் எழுந்து, கலண்டரைத் தூக்கிக் காட்டினார். பூட்டிவிட்டுப் போன பொடியன் சுவரிலேயே பென்சிலால் எழுதியிருந்தான்: ஒன்றிலிருந்து ஆறு வரை, வரிசையாக. நாலு வருசமாக அது அங்கேயே இருந்ததாம். மாற்றிவிட்டு, ஈரத்துணியால் சுவரைத் துடைத்தார். புதியதை என்னிடமும் சொல்லவில்லை.